பத்து நிமிடத்துக்குள் உங்கள் நோயைச் சொல்வது எப்படி: நாள்பட்ட நரம்பியல் நோயாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு வலிப்பு நோய். கீழே விழுந்து கைகால் உதறும் வகை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுவிடும், வெறித்துப் பார்ப்பேன், சப்புக்கொட்டுவேன், ஒன்றரை நிமிடத்தில் மீண்டுவிடுவேன். இதற்குச் சரியான பெயர் கிடைக்க 14 மாதங்கள் ஆயின. அந்த 14 மாதங்களில் இதயத்துக்கு எடுத்த பரிசோதனைகள்தான் அதிகம். ஏன் என்பது பின்னால் பழைய சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது புரிந்தது. முதல் நாள் நான் "அடிக்கடி மயக்கம் வருது சார்" என்று சொல்லியிருக்கிறேன். மருத்துவர் மயக்கம் என்று எழுதினார். அடுத்தவர் அந்தச் சீட்டைப் பார்த்து மயக்கம் என்று எழுதினார். மூன்றாமவரிடம் போனபோது அதை யாரும் கேள்வி கேட்கவே இல்லை.

நரம்பியல் நோய்களில் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. நோய் வருவது வீட்டில், படுக்கையில், பேருந்தில். மருத்துவர் நம்மைப் பார்ப்பதோ அது வராத நேரத்தில். அங்கே நாம் நன்றாக நடப்போம், நன்றாகப் பேசுவோம். ஆகவே நாம் கையில் கொண்டுபோவதை வைத்துத்தான் அவர் பாதி முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒற்றைத் தலைவலி, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என எது இருந்தாலும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும். எனக்குப் பழக்கமானது வலிப்பு என்பதால் உதாரணங்கள் அதைச் சுற்றியே இருக்கும்.

1. முதலில் சொற்களைச் சரிசெய்யுங்கள்

நம் அன்றாடப் பேச்சில் நரம்புத் தொந்தரவுகளுக்கு இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் நாலு வேலை பார்க்கின்றன. "மயக்கம்" என்றால் நினைவு தப்பியதா, கண் இருட்டியதா, தூக்கக் கலக்கமா, தலை கிறுகிறுத்ததா? நான்குக்கும் வேறுவேறு காரணங்கள், வேறுவேறு பரிசோதனைகள். "தலைசுற்றல்" என்றால் அறையே சுழன்றதா, அல்லது எழுந்து நின்றதும் தள்ளாடியதா? "கை மரத்துப்போச்சு" என்றால் தொட்டால் உணர்வு இல்லையா, அல்லது உணர்வு இருந்தும் தூக்க முடியவில்லையா? முன்னது உணர்ச்சி நரம்பு, பின்னது தசையை இயக்கும் வழி. "இழுப்பு" என்பது சிலர் பேச்சில் வலிப்பு, சிலர் பேச்சில் மூச்சிரைப்பு. "நரம்புத் தளர்ச்சி"யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கை நடுக்கம் முதல் மனக்கவலை வரை எல்லாமே அதற்குள் அடங்கிவிடும்.

எனவே நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "மயக்கம் வருது" என்பதற்குப் பதிலாக, "பேசிக்கொண்டே இருப்பேன், பேச்சு நின்றுவிடும், கீழே விழ மாட்டேன், பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்காது, முடிந்த பிறகு எனக்கு ஒன்றும் நினைவிருக்காது." கூடுதலாக இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். நான் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

2. வருவதைப் பதிவு செய்யுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். செயலிகள் இருக்கின்றன, நானும் இரண்டு பயன்படுத்திப் பார்த்தேன். மருத்துவர் கைப்பேசித் திரையை உருட்டிப் படிக்கப்போவதில்லை, காகிதத்தைத்தான் புரட்டுவார். ஒவ்வொரு முறையும் இவற்றை எழுதுங்கள்: தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, தொடங்கும் முன் ஏதாவது அறிகுறி இருந்ததா (வாசனை, வயிற்றில் ஏதோ எழும்புவது போன்ற உணர்வு, கண்ணில் மின்னல்), முடிந்த பிறகு பழையபடி ஆக எவ்வளவு நேரம், முந்தின இரவு தூக்கம், மருந்து ஏதும் விட்டுப்போனதா, காய்ச்சல் இருந்ததா, பெண்களுக்கு மாதவிடாய் நாள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வலி வந்த நாளோடு வலி மாத்திரை போட்ட நாளையும் கட்டாயம் குறியுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் வகை (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள) மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாக எடுத்தால் அந்த மாத்திரையாலேயே தலைவலி நிலைத்துவிடலாம். அது நோட்டில்தான் தெரியும், ஸ்கேனில் தெரியாது.

காணொளி இன்னும் மேல். என் அக்கா ஒருமுறை மருத்துவரிடம் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"ரொம்ப நேரம் அப்படியே இருந்தான் டாக்டர்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

அடுத்த முறை அவளைக் கைப்பேசியில் படம்பிடிக்கச் சொன்னேன். 1 நிமிடம் 40 வினாடி. அவள் பொய் சொல்லவில்லை, பயத்தில் நேரம் அப்படித்தான் நீளும். ஆனால் வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் அது அவசரநிலை, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். 1.40 என்பதும் 10 என்பதும் முற்றிலும் வேறு சிகிச்சை.

அந்தக் காணொளியில் எனக்கே தெரியாத ஒன்று இருந்தது. என் வலது கை சட்டைப் பொத்தானை நெருடிக்கொண்டே இருக்கிறது, இடது கை விறைத்துத் திருகி நிற்கிறது. மருத்துவர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். இடது கை விறைத்தால் மூளையின் வலது பக்கத்தைத் தேட வேண்டும் என்றார். 14 மாதத்தில் யாரும் சொல்லாத தகவல், 1 நிமிடம் 40 வினாடிக் காணொளியில் கிடைத்தது.

படம்பிடிப்பவருக்குச் சொல்லிவையுங்கள்: முதலில் ஆளைப் பாதுகாப்பாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் கைப்பேசி. முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே பெரிய துப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். முடிந்த பிறகும் உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, "கையைத் தூக்கு, உன் பேர் என்ன" என்று கேட்க வேண்டும். நடுக்கம், நடை மாற்றம் உள்ளவர்களும் மருந்து வேலை செய்யும் நேரத்தில் ஒன்று, அதன் வேகம் குறைந்த நேரத்தில் ஒன்று என்று எடுத்து வைப்பது நல்லது.

3. ஃபைல்

பொறி: பழையதைக் கீழே, புதியதை மேலே என்று அடுக்கி ஒரு கத்தையாகக் கொண்டுபோவது. மருத்துவர் மேலே இருக்கும் முதல் மூன்று தாளைப் பார்ப்பார், அவ்வளவுதான். அவை ரத்தப் பரிசோதனைத் தாள்களாகவும் இருக்கலாம்.

நான் இப்போது நான்கு பிரிவாக வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டுகள், தேதி வரிசையில். பரிசோதனை முடிவுகள். மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. கடைசியில் பில்களும் காப்பீட்டுத் தாள்களும். எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒரு ஃபோல்டரில் படமாக வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பியிருக்கிறேன். வெப்பக் காகிதத்தில் அச்சாகும் பில்கள் சில மாதங்களில் வெளுத்துவிடும், அவற்றை முதலில் படமெடுங்கள்.

எம்.ஆர்.ஐ., சி.டி. எடுத்தால் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் மட்டும் போதாது. படங்கள் அடங்கிய குறுந்தகடு அல்லது தரவிறக்கும் இணைப்பு வேண்டும். எடுத்த அன்றே கேட்டால் பல இடங்களில் சும்மாவே தருவார்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் விண்ணப்பம், கட்டணம், அலைச்சல், சில சமயம் "அழிச்சிட்டோம்" என்ற பதில். வாங்கியதும் வீட்டுக் கணினியில் திறந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை வெற்றுத் தகடு வந்தது.

4. ஒரே ஒரு பக்கம்

ஃபைல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அதன் மேல் ஒரு பக்கம் வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்று செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

மேலே பெயர், வயது, கண்டறியப்பட்ட நோய், எந்த ஆண்டு. அடுத்து இப்போதைய மருந்துகள்: மூலப்பெயர், அளவு, எந்த வேளை. வணிகப்பெயர் மட்டும் எழுதினால் ஊர் மாறினால் யாருக்கும் புரியாது. அடுத்து முன்பு எடுத்து நிறுத்திய மருந்துகள், எந்த அளவு வரை போனீர்கள், ஏன் நிறுத்தினீர்கள். இந்த வரியைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை, மருத்துவருக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான். "பலனில்லை" என்று நிறுத்தியதும் "உடம்பு தாங்கவில்லை" என்று நிறுத்தியதும் ஒன்றல்ல. பிறகு ஒவ்வாமை. பிறகு கடைசி வருகைக்குப் பின் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை. அடியில் இன்றைய கேள்விகள், அதிகபட்சம் மூன்று.

மூன்றில் முக்கியமானதை முதலில் வையுங்கள். கதவருகே போய் நின்றுகொண்டு "அப்புறம் டாக்டர், இன்னொன்னு" என்று ஆரம்பிக்கும் கேள்விதான் பல சமயம் உண்மையான கேள்வி. அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்திருப்பார்.

இரண்டு பிரதிகள் எடுத்துப் போங்கள். ஒன்றை அவரிடமே விட்டுவிடலாம்.

5. அறைக்குள்

கூட ஒருவரை அழைத்துப் போங்கள், முடிந்தால் நோய் வரும்போது நேரில் பார்த்தவரை. வலிப்பில் நமக்கே நினைவிருக்காது என்பதால் சாட்சி அவர்தான். ஆனால் வரும் முன்னே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: அவர் பார்த்ததை அவர் சொல்லட்டும், உங்களுக்குள் நடப்பதை நீங்களே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவரும் உறவினரும் பேசிக்கொள்வார்கள், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அது நடந்திருக்கிறது. "என்கிட்டயே கேளுங்க டாக்டர், நான் சொல்றேன்" என்று சொல்ல ஒரு வருடம் ஆனது. சொன்னதும் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார், கோபப்படவில்லை.

"எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்ல டாக்டர்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மரியாதைக்காகச் சொன்னது சீட்டில் "நலமாக உள்ளார்" என்று ஏறிவிடும். எண்ணைச் சொல்லுங்கள்: "போன மாசம் ஆறு தடவை, அதுக்கு முந்தின மாசம் நாலு." செய்ய முடியாமல் போனதைச் சொல்லுங்கள்: "சமையலறையில தனியா நிக்க பயமா இருக்கு", "பட்டன் போட அஞ்சு நிமிஷம் ஆகுது."

"டென்ஷன்தான் காரணம்" என்று சொல்லப்பட்டால் சண்டை போடாதீர்கள். உண்மையாகவும் இருக்கலாம். மன அழுத்தத்தோடு தொடர்புடைய, வலிப்பைப் போலவே தோன்றும் நிகழ்வுகள் உண்டு, அவற்றுக்கும் சிகிச்சை உண்டு, அவை நடிப்பு அல்ல. அமைதியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: "வேற என்னவா இருக்கலாம்னு யோசிச்சீங்க? அது இல்லைன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?" நான் கேட்டவரையில், இதற்குப் பதில் சொல்லும்போதுதான் மருத்துவர் மறுபடி யோசிக்கத் தொடங்குகிறார்.

வெளியே வரும் முன் நீங்கள் புரிந்துகொண்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். "காலைல பாதி, ராத்திரி ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு காலைலயும் ஒண்ணு, சரியா?" பாதி நேரம் ஏதோ ஒன்று சரியாக இருக்காது.

6. பரிசோதனைகள்: நேரமும் செலவும்

இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) சாதாரணமாக அரை மணி நேரப் பதிவு. வலியில்லை, தலையில் பசை ஒட்டும், தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள். பெரிய பொறி இதுதான்: அந்த அரை மணி நேரத்தில் மூளை சும்மா இருந்தால் முடிவு "இயல்பு" என்று வரும். வலிப்பு இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. என்னுடைய முதல் இரண்டும் இயல்பு. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு போய் எடுப்பது, நாள்கணக்கில் காணொளியோடு சேர்த்துப் பதிவது என்று அடுத்த படிகள் உண்டு. பின்னது செலவு அதிகம், மருத்துவமனையில் தங்க வேண்டும், கூட ஒருவரும் விடுப்பு எடுக்க வேண்டும். காப்பீடு இருந்தால் சேரும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சேர்ந்த பிறகு ஆரம்பிக்கும் கடிதப் போக்குவரத்து நம் பணத்தில்தான் முடியும்.

எம்.ஆர்.ஐ.க்கு மருத்துவர் எழுதும் கோரிக்கைத் தாளை நீங்களும் படியுங்கள். ஸ்கேன் படத்தைப் படிப்பவர் எதைத் தேடச் சொன்னார்களோ அதைத்தான் முதலில் தேடுவார். என் முதல் ஸ்கேன் தாளில் "மயக்கம்" என்று மட்டும் இருந்தது, பொதுவான ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். காணொளிக்குப் பிறகு "வலது பக்க வலிப்பு சந்தேகம்" என்று எழுதி, வலிப்புக்கென்றே உள்ள முறையில் மெல்லிய துண்டுகளாக எடுத்தபோதுதான் தழும்பு தெரிந்தது. ஒரே மூளைக்கு இரண்டு முறை காசு கட்டினேன். உடம்பில் உலோகம், பேஸ்மேக்கர் இருந்தால் முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். சாய ஊசி போடுவதாக இருந்தால் சிறுநீரகப் பரிசோதனை கேட்கலாம், அதை முன்னதாகவே முடித்தால் ஒரு நாள் மிச்சம்.

ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பதானால் காலை மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், தேவையில்லாமல் மருந்தைக் குறைப்பார்கள். மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.

7. மருந்து

புது மருந்து எழுதும்போது கேட்க வேண்டியவை: எந்த வேகத்தில் ஏற்றுவது, பலன் தெரிய எத்தனை வாரம், எந்தப் பக்கவிளைவுக்கு உடனே வர வேண்டும், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது. பதில்களைச் சீட்டின் பின்பக்கமே எழுதிக்கொள்ளுங்கள்.

சில வலிப்பு மருந்துகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இடையில் சில நாட்கள் விட்டுப்போனால் பழைய அளவில் நேராகத் தொடங்கக் கூடாது. கார்பமாசெபின் தொடங்கும் முன், ஆசிய வம்சாவளியினருக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இலேயே அறிவுறுத்தியது. கடுமையான தோல் எதிர்வினையைத் தவிர்க்கத்தான். "அந்த டெஸ்ட் எனக்குத் தேவையா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சல், கோபத்தைக் கொண்டுவரும். என் விஷயத்தில் வீட்டில் எல்லோரும் ஆறு மாதம் என் குணம் கெட்டுவிட்டதாக நினைத்தார்கள், நானும்தான்.

பெண்கள் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் முன் கருத்தரிப்பைப் பற்றித் தாங்களே பேச்சைத் தொடங்குங்கள். கர்ப்ப காலத்தில் அதை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும். ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நானாக ஒரு மாதம் இரண்டு வேளையை ஒரு வேளை ஆக்கிக்கொண்டு, அதை மறைத்து, "மருந்து வேலை செய்யல" என்று இன்னொரு மருந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அதே மூலப்பொருளில் விலை குறைந்த தயாரிப்பை எழுதியிருப்பார். மாற்றினால் அதே தயாரிப்பில் நிலையாக இருங்கள், மாதாமாதம் கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள். கையிருப்பு எப்போதும் பத்து நாளுக்குக் குறையக் கூடாது.

8. அவசரச் சீட்டு

பர்ஸில் ஒரு அட்டை: நோய், மருந்துகள், யாரை அழைப்பது, எனக்கு வந்தால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது. வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேரும்போது இது இன்னும் முக்கியம். பார்க்கின்சன் உள்ளவருக்கு வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடும், குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை வார்டு நேரத்துக்கு இல்லாமல் அவர் வழக்கமான நேரத்துக்கே தர வேண்டும். மயஸ்தீனியா (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) உள்ளவருக்குச் சில ஆன்டிபயாட்டிக்குகளும் மெக்னீசியம் ஊசியும் ஆபத்து. அறுவை சிகிச்சைக்கு "காலையில் ஒன்றும் சாப்பிடாதீர்கள்" என்று சொன்னால், "என் மாத்திரையையுமா?" என்று தனியாகக் கேளுங்கள்.

9. இரண்டாவது கருத்து எப்போது

வலிப்பில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. இது சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2010-இல் தந்த வரையறை. அந்தக் கட்டத்தில் மூன்றாவது, நான்காவது மருந்து என்று வருடங்களை ஓட்டாமல், அறுவை சிகிச்சை உள்ளிட்டவற்றை ஆராயும் வலிப்பு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார்கள், ஆகவே விசித்திரமான கோரிக்கை அல்ல.

இப்போதைய மருத்துவரிடம் மறைத்துப் போகாதீர்கள். "இன்னொருத்தர்கிட்டயும் காட்டலாம்னு இருக்கேன், ஒரு கடிதம் தர முடியுமா?" என்று கேட்டால் தந்துவிடுவார்கள். கடிதத்தோடு போனால் பரிசோதனைகளை மறுபடி எடுக்கச் சொல்வது குறையும்.

10. கிளம்பும் முன் தாளைப் படியுங்கள்

வேலை இடத்துக்குச் சான்றிதழ் வாங்கினால் நோயின் பெயரைவிட "உயரத்தில் ஏறும் வேலை, இரவுப் பணி தவிர்க்க வேண்டும்" என்பது போன்ற வரிகள்தான் பயன்படும். அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டி ஓட்டலாமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள், விதி நாட்டுக்கு நாடு மாறும்.

எந்தத் தாளாக இருந்தாலும் கட்டடத்தை விட்டு வெளியே வரும் முன் உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். போன வருடம் எனக்கு வந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "வலது கை விறைப்பு" என்று இருந்தது. கவுன்டரில் காட்டினேன். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "இடது"தான் என்று திருத்தி, புதிதாக அச்சடித்துக் கொடுத்தார். நாலு நிமிடம் ஆனது.